ஆறு சென்ட் மனையில் டர்ஃப் திடல்: புல்லுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியின் சாரம் இது. மதுரை ஐயர் பங்களா பகுதியில் 65 அடிக்கு 40 அடி மனை, அதாவது ஆறு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்குப் பின்புறம் 40 அடி நீளமும் 22 அடி அகலமும் கொண்ட இடம் சும்மா கிடக்கிறது. பதின்மூன்று வயது மகனுக்குக் கிரிக்கெட்டும் கால்பந்தும், பத்து வயது மகளுக்கு ஷட்டிலும் ஆட ஒரு டர்ஃப் திடல், அதாவது செயற்கைப் புல் விரித்த திடல், போட நினைக்கிறீர்கள். வந்து பார்த்த ஒப்பந்ததாரர், இருக்கிற மண்ணின் மேல் கிரஷர் பவுடரை (ஜல்லி உடைக்கும்போது கிடைக்கும் கல்தூள்) பரப்பி 40 மில்லிமீட்டர் உயரப் புல்லை விரித்து இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். அது சரிப்படுமா, எந்த வகைப் புல் வாங்குவது, மொட்டை மாடியில் போட்டால் என்ன, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பன நீங்கள் அறிய விரும்புபவை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுமானத் தொழிலில் இருப்பவன், வீட்டு மனைகளில் இத்தகைய சிறு திடல்கள் சிலவற்றைப் போட்டுக் கொடுத்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இரண்டு நாள் வேலை சரிப்படாது. நான் முதன்முதலில் போட்ட திடலிலும் இதே தவற்றைத்தான் செய்தேன். சித்திரையில் விரித்த புல் ஆடி வரை கண்ணாடி போல இருந்தது. ஐப்பசியில் இரண்டு மழை பெய்ததும் நடுவில் முறம் அளவுக்குப் பள்ளம் விழுந்து, அதில் தண்ணீர் தேங்கி, புல்லைப் பிடித்துத் தூக்கினால் அடியிலிருந்து சேற்று வாடை வந்தது. அந்தப் புல்லில் ஒரு குறையும் இருக்கவில்லை. அடித்தளம் என்று சொல்லத்தக்க ஒன்றை நான் போடவே இல்லை.

ஆகவே புல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன், இந்த இடத்தில் எந்த ஆட்டம் அடங்கும் என்பதைப் பார்த்துவிடுவோம். 40 அடிக்கு 22 அடி என்பது மீட்டரில் ஏறத்தாழ 12.2க்கு 6.7. முறையான இறகுப்பந்துத் திடல் 13.4 மீட்டர் நீளம், இரட்டையருக்கு 6.1 மீட்டர் அகலம். உங்கள் இடம் நீளத்தில் நான்கு அடி குறைகிறது. ஆனால் ஷட்டில் ஆடுவோர் அறிந்த ஒரு வழி உண்டு. இரட்டையர் ஆட்டத்தில் சர்வீஸுக்கான பின்கோடு, கடைசிக் கோட்டிலிருந்து 76 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும். இரு பக்கமும் அந்த உள்கோட்டையே எல்லையாக வைத்துக்கொண்டால் திடல் 11.88 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அகலத்துக்கு ஒற்றையர் அளவான 5.18 மீட்டரை எடுத்துக்கொண்டால் பக்கவாட்டிலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். ஒரு குறை, பின்கோட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம் கூட இருக்காது. உயரப் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடும் குழந்தை சுவரில் மோதிக்கொள்ளும். எனவே கோட்டை இன்னும் உள்ளே இழுத்து 11 மீட்டரோடு நிறுத்திவிடுவதே என் யோசனை. பத்து வயதுச் சிறுமிக்கு அது தாராளம்.

கிரிக்கெட்டில் ஆடுகளம் மட்டுமே 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். அது உங்கள் கொல்லையில் அடங்காது. ஆனால் பத்து மீட்டர் தூரத்தில் நின்று அப்பா பந்தைத் தூக்கிப்போட, மகன் மட்டை பிடித்துப் பழகுவதற்கு இந்த இடம் மிக நன்று. அப்படிப் பழகுவதுதான் அந்த வயதில் ஆட்டத்தைத் திருத்துகிறது. கால்பந்தில் இருவருக்கு இருவர் ஆடலாம், சிறிய வலைக் கம்பங்கள் இரண்டு வைக்கலாம். கட்டை மட்டையால் பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடும் பிக்கிள்பாலுக்கான திடலும் 44 அடிக்கு 20 அடி என்பதால் அதுவும் முழுமையாக அடங்காது. தவிர, அந்த ஆட்டத்துக்குப் பந்து சீராக எழும்பும் கெட்டித் தளம் வேண்டும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஷட்டில் மட்டுமே ஆடுவார்கள் என்றால் டர்ஃப் போட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். இறகுப்பந்து தரையில் எழும்ப வேண்டிய ஆட்டம் அன்று. கால் சட்டென்று திரும்பவும் நிற்கவும் வேண்டிய ஆட்டம். நீண்ட புல்லில் பாதம் சிக்கினால் முழங்கால் அந்தத் திருகலைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் செம்மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, உருளை ஓட்டி, சாணம் தெளித்துப் பதப்படுத்திய களத்தில் இரண்டு கம்பம் நட்டு ஒரு குண்டு பல்பின் கீழ் பூப்பந்து ஆடினார்களே, அந்தத் தரை ஷட்டிலுக்கு இன்றைக்கும் குறைந்ததன்று. உங்கள் மகன் பந்தாட்டக்காரன் என்பதால் மட்டுமே மேற்கொண்டு டர்ஃப் பற்றி எழுதுகிறேன்.

செயற்கைப் புல் வெயிலில் பெயர் பெற்ற பொருள் அன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் திறக்கப்பட்ட அஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட பேஸ்பால் அரங்கில், கண்ணாடி போன்ற கூரைப் பலகைகளின் கூச்சத்தால் உயரப் பந்தைப் பிடிக்க முடியவில்லை என்று பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்து உள்ளே இருந்த இயற்கைப் புல் செத்துப்போயிற்று. அதற்கு மாற்றாக 1966இல் விரிக்கப்பட்டதனால்தான் இந்தப் புல்லுக்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே வந்தது. நிழலில் புல் வளராத இடத்தில் பெயர் பெற்ற ஒன்றை நாம் கத்திரி வெயில் அடிக்கும் மதுரையில் திறந்த வெளியில் விரிக்கிறோம். பிளாஸ்டிக் இழைக்கு, இயற்கைப் புல்லைப் போல நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி கிடையாது. காற்றின் வெப்பம் 40 டிகிரியை ஒட்டி நிற்கும் நண்பகலில் டர்ஃப்பின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெறுங்காலோடு இறங்கும் குழந்தைக்குப் பாதம் பொத்துப்போகும்.

தண்ணீர் தெளித்தால் குளிரும் என்பார்கள். குளிரும், ஆனால் அரை மணி நேரம் கூட நிலைக்காது. மதுரையில் கோடையில் தண்ணீரை அப்படிச் செலவழிப்பதற்கும் மனம் வராது. பயன் தருவது நிழல்தான். மேற்கில் அண்டை வீட்டுச் சுவர் உயரமாக இருந்தால் மாலை நான்கு மணிக்கே பாதித் திடலில் நிழல் விழுந்துவிடும். அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த வரம். இல்லையென்றால் பங்குனி முதல் ஆவணி வரை கழற்றி மாட்டத்தக்க ஐம்பது விழுக்காட்டு நிழல் வலை கட்டலாம். மரம் நடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேம்பு நட்டால் நிழல் கிடைக்கும், கூடவே சருகும் பழமும் புல்லிழைக்குள் விழுந்து மக்கும். திடலின் மேல் கிளை கவியாத தூரத்தில், மேற்கு ஓரமாக இருந்தால் பரவாயில்லை.

உங்கள் திடலின் நெடுக்குவாட்டம் கிழக்கு மேற்காக அமைகிறது என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. வடக்கு தெற்காக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், மனையை இனித் திருப்ப முடியாது. மாலையில்தான் ஆடப்போகிறார்கள் என்பதால் மட்டை பிடிப்பவனை மேற்குக் கோடியில் கிழக்கு நோக்கி நிறுத்துங்கள். பந்து போடுபவர் கண்ணில் வெயில் படும். பெரியவர்கள் தொப்பி போட்டுக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். இதைத்தான் ஒப்பந்ததாரர்கள் பேசவே மாட்டார்கள். உங்கள் பின்புற இடம் ஏறத்தாழ 82 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் 4,100 லிட்டர் விழுகிறது. வீட்டு மேலே நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி நான்கு நிரம்பிவிடும் அளவு. மாடித் தண்ணீரும் பின்புறக் குழாய் வழியாக அங்கேயே இறங்குவதாக இருந்தால் கணக்கு இரட்டிப்பாகும். 2024 அக்டோபரில் ஒரே பிற்பகலில் கொட்டிய மழையில் செல்லூரைச் சுற்றிய தெருக்களில் வீட்டுக்குள் நீர் புகுந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்மாயும் வாய்க்காலும் இருந்த ஊரில், பாசன வயலாக இருந்த மண்ணில், நாம் மனை போட்டுக் குடியிருக்கிறோம். நீர் எங்கே போக வேண்டும் என்று நாம் தீர்மானிக்காவிட்டால் அது தன் பழைய வழியைத் தேடிக்கொள்ளும்.

அதனால் முதல் வேலை, இடத்தில் இரண்டு மூலைகளில் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டி மண்ணைப் பார்ப்பது. அழகர்கோவில், மேலூர்ப் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் வரும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். நகரத்துக்குள் எது வேண்டுமானாலும் வரலாம். வயலின் களிமண் மேல் யாரோ இடிபாட்டைக் கொட்டி நிரவிய மனைகள் ஏராளம். கரிசலும் களியும் நீர் குடித்தால் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் எந்தப் புல்லை விரித்தாலும் அடியில் தரை மூச்சு விடுவது மேலே தெரிந்துகொண்டே இருக்கும். செம்மண்ணாக இருந்தால் முக்கால் அடி வெட்டினால் போதும். கரிசலாகவோ களியாகவோ இருந்தால் குறைந்தது ஒன்றரை அடி வெட்டி வெளியே ஏற்றிவிட்டு, கிராவல் மண்ணை அரை அடி அரை அடியாகக் கொட்டி, நீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். ஒன்றரை அடியையும் ஒரே தடவையில் கொட்டிவிட்டு மேலே மட்டும் திமிசு போடுவது வழக்கமாகிவிட்டது. மேலே இறுகும், அடியில் பஞ்சு மாதிரி கிடக்கும், ஆறு மாதத்தில் இறங்கும்.

அதன்மேல் மண்ணும் ஜல்லியும் கலந்துவிடாதபடி துணி போன்ற ஜியோடெக்ஸ்டைல் விரிப்பு, அதற்கு மேல் நான்கு முதல் ஆறு அங்குலம் வரை பல அளவு கலந்த ஜல்லி, கடைசியாக ஓர் அங்குலத்துக்கு மிகாத கிரஷர் பவுடர். உங்கள் ஒப்பந்ததாரர் சொன்ன பவுடர் தவறான பொருள் அன்று. அது மட்டுமே போதும் என்றதுதான் தவறு. ஜல்லித் தளத்துக்குப் பதிலாகக் கான்கிரீட் போடலாமா என்றால், போடலாம். நான்கு அங்குலக் கான்கிரீட்டில் மூன்று மீட்டருக்குள் ஒரு வெட்டுக் கோடு விட வேண்டும், இல்லையேல் அது தன் விருப்பப்படி வெடித்துக்கொள்ளும். கான்கிரீட் நிலையாக நிற்கும், ஆனால் மழைநீரை உள்ளே விடாது, விழுந்த குழந்தையையும் தாங்காது. கான்கிரீட்டின் மேல் புல் போடுவதானால் இடையில் 10 மில்லிமீட்டர் அளவிலாவது நுரைப் பாய் விரிப்பது அவசியம் என்று கருதுகிறேன். என் தேர்வு, நல்ல மண்ணில் ஜல்லித் தளம்.

வாட்டம் வைப்பதைக் கொத்தனாரின் கண்ணளவுக்கு விட்டுவிடாதீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு சுவர் நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், அதாவது ஆறரை மீட்டர் அகலத்துக்கு ஆறரை சென்டிமீட்டர் சரிவு இருந்தால் நீர் ஓடிவிடும், பந்து ஓடாது. எதிர்த் திசையில் வாட்டம் வைத்து வீட்டு அஸ்திவாரத்துக்கே நீரை அனுப்பிய ஒரு திடலை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறி மூன்று முறை வெள்ளையடித்தார்கள். காம்பவுண்டு சுவரை ஒட்டி 25 சென்டிமீட்டர் அகலத்தில் மூடி போட்ட கால்வாய் கட்டி, அதை மழைநீர் சேகரிப்புக் குழியோடு இணையுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் குழி இருக்கும். அந்தக் குழியின் மேலேயே புல்லை விரித்து மறைத்துவிடுவது நான் அடிக்கடி காணும் அநியாயம். கால்வாய்க்கும் குழிக்கும் நடுவே ஒரு சிறு வண்டல் தொட்டி வேண்டும். புல்லிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் துகளும் மணலும் அங்கே தங்கிவிட வேண்டும், நிலத்தடி நீருக்குள் போகக் கூடாது.

புல்லின் வகைக்கு வருவோம். கடையில் எல்லோரும் மில்லிமீட்டரை மட்டும் கேட்கிறார்கள், உயரம் கூடினால் தரம் கூடும் என்ற நினைப்பில். ஆட்டத்துக்கு ஏற்ப உயரம் மாறும் என்பதே உண்மை. கால்பந்துக்கு 40 முதல் 60 மில்லிமீட்டர், கிரிக்கெட் ஆடுகளத்துக்கு 9 முதல் 12 மில்லிமீட்டர், டென்னிஸுக்கும் பல ஆட்டங்கள் கலந்த திடலுக்கும் 15 முதல் 25 மில்லிமீட்டர். 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நடந்தபோது பார்த்தவர்களுக்குத் தெரியும், ஹாக்கிப் புல் கம்பளம் போலக் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும், ஆடுமுன் நீர் தெளிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து, வலைக்கூண்டுக்குள் ஆடும் பாக்ஸ் கிரிக்கெட் கூடத்தில் கிடக்கும் நீண்ட புல்லை அதே பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் இரண்டு குழந்தைகளின் மூன்று ஆட்டத்துக்கும் பொதுவாக நான் சொல்வது 20 முதல் 25 மில்லிமீட்டர். நாற்பதில் மட்டைக்காரனுக்குப் பந்து எழும்பாது, மகளுக்குக் கால் திரும்பாது, கால்பந்துக்கு மட்டுமே வசதி.

உயரத்தை விட முக்கியமானவை இரண்டு. ஒன்று, இழையின் கனம். டெசிடெக்ஸ் என்று எழுதியிருப்பார்கள். பத்தாயிரம் மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்பதே அது. இரண்டு, ஒரு சதுர மீட்டரில் எத்தனை தையல் என்ற எண்ணிக்கை. மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள், ஒரு கொத்து இழையைக் குறடால் பிடித்து இழுங்கள். சுலபமாகக் கழன்று வந்தால் அதன் அடிப்பூச்சு சரியில்லை. உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுத்தால் இழை நிமிர வேண்டும். தோட்டத்துக்கும் பால்கனிக்கும் விற்கும் அலங்காரப் புல்லை விளையாட்டுப் புல் என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. பழுப்பு நிறச் சுருள் இழை அடியில் கலந்திருந்தால் அது பெரும்பாலும் அழகுக்கான புல்.

அடுத்து, சுருளின் அகலத்தை வைத்துத் திடலின் அகலத்தைத் தீர்மானிப்பது. யாரும் செய்யாத, ஆனால் காசை மிச்சப்படுத்தும் வேலை இது. விளையாட்டுப் புல் வழக்கமாக 4 மீட்டர் அகலச் சுருளாகவும், 2 மீட்டர் அகலத்திலும் வருகிறது. கால்வாய் போக உங்களிடம் 6.46 மீட்டர் அகலம் எஞ்சும். குறுக்காக மூன்று 4 மீட்டர்த் துண்டுகளை விரித்தால் புல் அதிகம் வீணாகாது. ஆனால் மேற்கு ஓரத்திலிருந்து சரியாக 4 மீட்டரில் ஓர் ஒட்டு வரும், மட்டைக்காரனுக்கு முன்னால் பந்து குத்தி எழும் இடமே அதுதான். நெடுக்காக, நடுவில் 4 மீட்டரும் இரு ஓரங்களில் வெட்டுத் துண்டுகளுமாக விரித்தால் இரண்டு முழுச் சுருள் அகலம், அதாவது 97 சதுர மீட்டருக்கு மேல் வாங்க வேண்டும். நான் சொல்வது மூன்றாவது வழி. நெடுக்காக ஒரு 4 மீட்டர், ஒரு 2 மீட்டர், ஆக 6 மீட்டரோடு புல்லை நிறுத்திவிடுங்கள். 73 சதுர மீட்டரில் வேலை முடிகிறது, ஒரே ஒட்டு, அதுவும் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழும். மிச்சமுள்ள 46 சென்டிமீட்டரை வீட்டுச் சுவரை ஒட்டிச் சிமெண்டுப் பட்டையாகப் போட்டால் அஸ்திவாரத்துக்குக் காப்பு, செருப்பு விடவும் இடம்.

விரிக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. சுருளைப் பிரித்து வெயிலில் சில மணி நேரம் படுக்கவிட்ட பிறகே வெட்ட வேண்டும். இரண்டு துண்டிலும் இழையின் சாய்வு ஒரே பக்கம் நோக்க வேண்டும். மாறினால் ஒன்று கரும்பச்சையாகவும் மற்றது இளம்பச்சையாகவும் தெரியும், அதைப் பிறகு மாற்றவே முடியாது. ஒட்டுக்கு அடியில் பட்டையும் இரண்டு கலவைப் பாலியூரித்தேன் பசையும் போட வேண்டும்; சாதாரணப் பசையால் ஒட்டிய ஓரம் ஒரு கோடையில் வாய் பிளக்கும்.

இழைகளுக்கு இடையே தூவும் நிரப்பு மணல் பற்றி ஒரு தவறான சிக்கனம் நம் ஊரில் பரவியிருக்கிறது. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டையோ ஆற்று மணலையோ போட்டுவிடுகிறார்கள். எம்-சாண்டின் கூர்மையான மணி இழையை அறுக்கும், அதன் தூள் அடித்துளைகளை அடைக்கும். ஆற்று மணலில் வண்டல் இருக்கும். கழுவிக் காயவைத்த, உருண்டை மணியுடைய சிலிக்கா மணல்தான் வேண்டும். 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிரப்பச் சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோ பிடிக்கும். உங்கள் திடலுக்கு ஏறத்தாழ 1,170 கிலோ. அதை இரண்டு மூன்று தவணையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் கெட்டித் துடைப்பத்தால் எதிர்த் திசையில் வார வேண்டும். பழைய டயரை அரைத்த கறுப்பு ரப்பர்த் துகள் உங்களுக்குத் தேவையில்லை. அது கூடுதல் வெப்பத்தை வாங்கும், குழந்தைகளின் காலுறையில் ஒட்டிக்கொண்டு கட்டில் வரை வரும். ஐரோப்பிய ஒன்றியம் நுண்நெகிழி குறித்து 2023இல் பிறப்பித்த விதியின்படி அங்கே இத்தகைய துகள்களின் விற்பனை 2031 அக்டோபருக்குப் பின் அனுமதிக்கப்படாது. பூனை வளர்க்கும் தெருவாக இருந்தால் மணல் நிரப்பிய புல்லைப் பூனைகள் எதற்கு உபயோகிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; மணல் மட்டத்தைக் குறைவாகவும் இழையை நெருக்கமாகவும் வைத்தால் தொந்தரவு குறையும்.

பந்து வெளியே போகாமல் சுற்றிக் கட்டும் வலைக்கு ஜி.ஐ. குழாய்க் கம்பங்கள் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) பதினைந்து அடி உயரம் போதும். அண்டை வீட்டார் சுவரில் எதையும் மாட்டாதீர்கள். பந்து சுவரில் படும் சத்தம் உங்களுக்கு விளையாட்டு, அவர்களுக்கு மதியத் தூக்கம். வலைக்கும் சுவருக்கும் அரை அடி இடைவெளி விட்டாலே பாதிச் சத்தம் அடங்கும். இந்தியத் தரநிலைகளின் காற்று வரைபடத்தில் மதுரைக்கு விதித்திருக்கும் அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர். திறந்த வலை காற்றை விட்டுவிடும், நிழல் வலை பாய்மரம் போல இழுக்கும். ஆகவே ஐப்பசி பிறக்குமுன் நிழல் வலையைக் கழற்றிவிட வேண்டும் என்பதைக் கம்பத்திலேயே எழுதி ஒட்டுங்கள். ஃபோகஸ் லைட்டுகளைக் கீழ்நோக்கித் திருப்பிக் கட்டுங்கள், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம். வாடகைக்கு விடும் எண்ணம் பின்னால் வந்தால் வீட்டு மின் இணைப்பில் அதை நடத்தக் கூடாது, தனி இணைப்பு வாங்க வேண்டும்.

மொட்டை மாடி பற்றி. ஏறி நடமாடும் மாடிக் கூரைக்குத் தரநிலை கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மணலோடு சேர்த்தாலும் புல்லின் எடை அதில் சிறு பங்குதான். ஆகவே புல்லின் கனத்தால் மாடி விழுந்துவிடும் என்ற பயம் மிகை. என் கவலை வேறு. வலைக் கம்பத்துக்காகத் தளத்தில் போல்ட்டு அடித்தால் அந்தத் துளைகளில் கசியும். ஈரம் காயாத புல்லுக்கு அடியில் தட்டோடுகளின் பூச்சு பெயர்ந்தால் கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே புல் முழுவதையும் உரிக்க வேண்டிவரும். கைப்பிடிச் சுவர் மூன்றடி என்றால் ஓடிவரும் சிறுவனுக்கு அது தடையே ஆகாது. மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய மரக்கட்டைகளில் நிற்கும் மெட்ராஸ் டெரஸ் மாடிகளில் பத்துப் பேர் குதிப்பதை எந்த நிலையிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்களிடம் தரையில் இடம் இருக்கும்போது மாடியை யோசிக்கவே வேண்டாம்.

பராமரிப்பு சுலபம், ஆனால் இல்லாமல் இல்லை. வாரம் ஒருமுறை இழையை எதிர்த்து வாரி நிமிர்த்துவது, சருகு அள்ளுவது, ஆண்டுக்கு ஒருமுறை குறைந்த மணலை நிரப்புவது. ஜிகர்தண்டா சிந்தினால் உடனே கழுவுங்கள், எறும்பு புல்லுக்கடியில் குடியேறினால் விரட்டுவது பெரும்பாடு. தீபாவளிக்குத் திடலில் ஒரு மத்தாப்புக் கூடக் கொளுத்தக் கூடாது. பொறி விழுந்த இடம் உருகிக் கறுத்துவிடும். அதற்காகவே ஒட்டுப்போட ஒரு சதுர மீட்டர் அதே சுருளில் வாங்கிச் சுருட்டி நிழலில் வையுங்கள், பிற்பாடு அதே நிறம் கிடைக்காது. நல்ல புல், நல்ல தளம், ஒரு குடும்பத்தின் ஆட்டம் என்றால் எட்டாண்டு உழைக்கும் என்று எதிர்பார்க்கலாம். மட்டைக்காரன் நிற்கும் இடம் மட்டும் முன்னதாகத் தேயும், அங்கே ஒரு தனிப் பாய் போட்டுக்கொள்ளலாம். காலாவதியான புல்லை எரித்துவிடாதீர்கள், அந்தப் புகை நச்சு.

விலைப் புள்ளி வாங்கும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை எண்ணை ஏற்காதீர்கள். மண் வெட்டி ஏற்றுவது, கிராவல், ஜல்லி, கால்வாய், புல், பசையும் பட்டையும், மணல், வலை, விளக்கு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தளத்துக்குப் புல்லின் விலைக்கு நிகரான தொகை காட்டப்படாவிட்டால் எங்கோ ஓர் அடுக்கு விடுபட்டிருக்கிறது என்று பொருள். உத்தரவாதம் இழை வெளுப்பதற்கா, ஒட்டுப் பிரிவதற்கா, தளம் இறங்குவதற்கா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். முதலாவதை மட்டும் தருபவர்கள்தான் அதிகம்.

இவ்வளவுக்குப் பின், அவசரம் இல்லையென்றால் ஒரு கால அட்டவணை சொல்கிறேன். ஆவணிக்குள் மண் வெட்டி, ஜல்லித் தளத்தையும் கால்வாயையும் முடித்துவிடுங்கள், புல்லை வாங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அந்த வெறுந்தளத்தின் மேல் பெய்யட்டும். மழை விட்ட அரை மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். எங்கெல்லாம் நீர் நிற்கிறதோ அங்கெல்லாம் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டுவையுங்கள். மார்கழியில் அந்த இடங்களை மட்டும் பவுடர் போட்டு மட்டம் பார்த்து இறுக்கிவிட்டு, பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது புல்லை விரித்தால், பசையும் நன்றாகப் பிடிக்கும், முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் இறங்கும்போது திடலும் தயாராக இருக்கும்.